வெண்ணிறக் காட்டு டெய்சியில் இதழ் எது, மலர் எது?

கேள்வி:
வணக்கம். ஐரோப்பியப் புல்வெளிகளில் இயல்பாக வளரும் ஆக்ஸ்-ஐ டெய்சி, அதாவது லூகாந்திமம் வல்கேர், பற்றிப் படித்து வருகிறேன். அதன் வெண்ணிற இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனி மலர் என்கிறார்கள். ஓர் இதழ் எவ்வாறு மலராகும்? மேலும், புல்தரைகளில் காணப்படும் பெல்லிஸ் பெரென்னிஸ் என்னும் சிறு டெய்சியிலிருந்து இதை எவ்வாறு பிரித்தறிவது?

மறுமொழி 1:
ஒரு வெண்ணிற 'இதழை' அடியோடு பிரித்தெடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், அடியில் சூலகமும் அதன்மேல் குறுகிய குழலும் அதிலிருந்து நீளும் இரண்டாகப் பிளந்த சூல்முடியும் தெரியும், மகரந்தத்தாள்கள் இரா. ஆகவே அது பெண் மலர். நடுவிலுள்ள மஞ்சள் தட்டில் நெருங்கி நிற்பவை ஐந்து பற்களுடைய இருபால் குழல் மலர்கள். அவற்றின் மகரந்தப்பைகள் ஒட்டிக் குழாயாகியிருப்பதால், உள்ளிருந்து வளரும் சூல்தண்டு மகரந்தத்தை மேலே தள்ளிய பிறகே தன் சூல்முடியை விரிக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுவே. மலர்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி விரிவதால், ஒரே தலைமஞ்சரியில், அதாவது ஒரே பூவாகத் தோன்றும் இந்த மலர்க்கொத்தில், எல்லா நிலைகளையும் காணலாம்.

மறுமொழி 2:
பிரித்தறிய இலைகளைப் பாருங்கள். பெல்லிஸில் கரண்டி வடிவ இலைகள் யாவும் தரையோடு வட்டமாக அமைந்திருக்கும். பூக்காம்பில் இலையே இராது. லூகாந்திமத்தின் தண்டிலோ பல் விளிம்புடைய இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். மேலிலைகள் தண்டைத் தழுவி நிற்கும். அதன் தலைமஞ்சரி பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ. அகலம் உடையது. மஞ்சரியைத் திருப்பிப் பார்த்தால், பச்சைச் செதில்களின் ஓரத்தில் கரும்பழுப்புக் கோடு தெரியும். எனவே படம் எடுக்கும்போது அடிப்புறத்தையும் தவறாமல் எடுங்கள். மேலிருந்து மட்டும் எடுத்த படத்தை நம்பிப் பெயர் சொல்வது சரியன்று. இலைகள் நூல்போல் பிளந்திருந்தால், அது சீமைச்சாமந்தி (கெமோமில்) வகையாகவோ அதன் உறவாகவோ இருக்கலாம்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஆக்ஸ்-ஐ டெய்சியைக் கிரைசாந்திமம் லூகாந்திமம் என்றே பெயரிட்டார் என்பதால், பழைய நூல்களில் அப்பெயரில் தேட வேண்டும். இது பல்லாண்டுத் தாவரம். மண்ணுக்கடியில் ஆழமின்றிக் கிடைமட்டமாகப் படரும் தண்டிலிருந்து (மட்டநிலத்தண்டு) புதிய தளிர்களை விடுகிறது. பிடுங்கும்போது மண்ணில் தங்கிவிடும் துண்டும் மீண்டும் துளிர்க்கும். இதனாலும் ஏராளமான விதைகளாலும், வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது மேய்ச்சல் நிலங்களை ஆக்கிரமிக்கும் களையாகியிருக்கிறது. தாயகத்திற்கு வெளியே இதன் விதையைத் தூவ நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.