கோயில் ஸ்பீக்கர்: மனு யாரிடம் கொடுப்பது?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை நாலரைக்கே கோயில் கூம்பு ஸ்பீக்கர் அலறுகிறது. அதன் வாய் நேராக எங்கள் மாடி ஜன்னலைப் பார்க்கிறது, கண்ணாடியே அதிர்கிறது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கோயில்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "அரசியல் சட்டத்தில் மத சுதந்திரம் தரும் 25-வது பிரிவு, எங்கள் உரிமை" என்கிறார்கள். (நானும் அதே சாமியைத்தான் கும்பிடுகிறேன்!) அந்தப் பிரிவே 'பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு' என்றுதானே தொடங்குகிறது? அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று, 2000-ல் சென்னை சர்ச் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு ஒலி மாசு விதியிலேயே தடை.

சரி, மனுவை டிஎஸ்பி ஆபீஸில் கொடுப்பதா, தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலா? கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் மாதிரி மனு அனுப்புங்கள். அப்புறம், பெயர் வெளியே வராமல் செய்ய முடியுமா? தினமும் அவர்களோடுதான் டீ குடிக்கிறேன்.