இன்டர்கூலரில் ஆயில் இருந்தா டர்போ போச்சா?

ஸ்பேனர்12: ஸ்விஃப்ட் டீசல் 1248 சிசி, இன்டர்கூலர் (டர்போ எஞ்சினுக்கு அழுத்தி அனுப்புற காத்தைக் குளிர வைக்கிற பெட்டி) ஹோஸுக்குள்ளே ஆயில்னு நேத்து ஒருத்தர் படம் போட்டார். நம்ம கரும்புகை உடனே "டர்போ சீல் காலி, மாத்துங்க"ன்னு தீர்ப்பு எழுதிட்டார். சீல்னா டர்போவோட ஆயில் காத்துக் குழாய்க்குள்ள வராம தடுக்கிறது. ப்ரீதர் பைப், அதாவது கிராங்க்கேஸ் (எஞ்சின் அடிப்பெட்டி) ஆவி வெளியேறுற குழாய், எங்கே போய்ச் சேருது? ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல. கிராங்க்கேஸ் ஆவியோட வர்ற ஆயில் இன்டர்கூலர் அடியில இறங்கும். ரெண்டு ஸ்பூன் தேங்குறது சகஜம்.

கரும்புகை: எந்த ஸ்பூன்? டீ ஸ்பூனா, குழம்புக் கரண்டியா? படத்துல ஹோஸ் வெளியிலயும் ஈரம்.

ஸ்பேனர்12: வெளியே ஈரம்னா கிளிப் லூஸ், இல்ல ஹோஸ் வெடிப்பு. டர்போவைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இது: கம்ப்ரசர் வாய் (டர்போ காத்தை உள்ளே இழுக்கிற பக்கம்), வெளியேறும் குழாய் ரெண்டையும் துடைச்சுட்டு 100 கிமீ ஓட்டுங்க. வாயும் நனைஞ்சா ப்ரீதர். வாய் காய்ஞ்சு வெளிக்குழாய் மட்டும் நனைஞ்சாதான் சீல் சந்தேகம். டர்போ ஷாஃப்ட் (நடுத்தண்டு) பக்கவாட்டுல லேசா ஆடலாம், முன்பின்னா ஆடுறது கைக்குத் தெரியவே கூடாது.

கரும்புகை: ஸ்பூன் கணக்குக்குப் பதில் வரலை.

மலைப்பாதை: எதுக்கு சண்டை? இன்டர்கூலரைக் கழட்டி அரை லிட்டர் பெட்ரோல் ஊத்திக் குலுக்கி மாட்டிடுங்க.

ஸ்பேனர்12: தம்பி, தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. உள்ளே பெட்ரோல் மிச்சம் இருந்தா எஞ்சின் அதையும் சேர்த்து எரிக்கும். தேங்கின ஆயிலை மொத்தமா இழுத்தாலும் அதே கதி. ரேஸ் தானா ஏறும், சாவியை அணைச்சாலும் நிக்காது. மேனுவல் வண்டின்னா பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு அணைக்கணும். மண்ணெண்ணெய்ல கழுவி, தலைகீழா வடியவிட்டு, ஒரு முழு நாள் காயவெச்சு மாட்டுங்க.

மலைப்பாதை: மண்ணெண்ணெய் மட்டும் எரியாதோ?

ஸ்பேனர்12: எரியும். அதுக்குத்தான் ஒரு நாள் காய வெக்கச் சொன்னேன். பாதி படிச்சுட்டு வராதீங்க.

காற்றுவடி: கேட்ச் கேன் (ப்ரீதர் ஆவியில வர்ற ஆயிலைப் பிடிச்சு வெக்கிற டப்பா) மாட்டினா பிரச்சனையே இல்லையே?

ஸ்பேனர்12: ஒரிஜினல் ப்ரீதர் ஹோஸ் விட்டத்தைக் குறைக்காம மாட்டணும். சின்ன ஹோஸ் போட்டா கிராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து சம்ப்புக்கு (எஞ்சின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) ஆயில் தன் எடையிலதான் இறங்குது, அழுத்தம் ஏறினா இறங்காது, சீலைத் தாண்டி காத்துக் குழாய்க்குள்ள வரும். ஆயிலை மேக்ஸ் கோட்டுக்கு மேல ஊத்தினாலும், ஏர் ஃபில்டர் அடைச்சாலும் ஹோஸ் நனையும்.

கரும்புகை: ஆக, சீல் வழியா ஆயில் வரும்னு நீங்களே எழுதிட்டீங்க! நான் சொன்னதும் அதானே!

ஸ்பேனர்12: நீங்க சொன்னது "டர்போவை மாத்து". அடைஞ்ச ப்ரீதரையோ டர்போ ஆயில் சம்ப்புக்கு இறங்குற டிரெயின் பைப்பையோ அப்படியே விட்டுட்டு புது டர்போ போட்டா, அதுவும் கக்கும். போன மாசம் எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சின் உள் அழுக்கைக் கரைச்சுக் கழுவுறது) விஷயத்துலயும் இதேதான் பண்ணீங்க.

கரும்புகை: ஃப்ளஷ் கதையை ஏன் இழுக்கறீங்க? அதுல நான் சொன்னதுதான் சரி.

காற்றுவடி: சந்தையில வர்ற கேனெல்லாம் சின்ன ஹோஸ்னு யார் சொன்னது? என்னுது 19 மிமீ.

ஸ்பேனர்12: ஒரிஜினல் எத்தனைன்னு அளந்தீங்களா?

காற்றுவடி: கேன் விக்கிறவங்களுக்குத் தெரியாததா?

கரும்புகை: அதை விடுங்க. ரெண்டு ஸ்பூன் எத்தனை மில்லி? 10-ஆ 30-ஆ?

ஸ்பேனர்12: வாயைத் துடைச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டேன். மில்லி கணக்கு அதுக்கப்புறம்.

கரும்புகை: மறுபடியும் மில்லி சொல்லலை.