இரண்டு பக்கக் கடிதம் ஆய்வுக் கட்டுரை ஆகுமா?

வாவிக்கரையான்:
"நரம்பியலில் வி. எஸ். ராமச்சந்திரனை விட அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர் எவருமில்லை, அவர் நம் தமிழர்" என்று நேற்று கல்லடிப்பாலம் எழுதியதை வாசித்து எரிச்சல்தான் வந்தது. இலண்டனிலுள்ள கார்ல் ஃபிரிஸ்டன் மூளைப் படங்களை அலசும் புள்ளிவிபர முறையை வகுத்தவர். ஸ்கேன் எடுத்து ஆய்வெழுதுவோர் பலரும் அவரைச் சுட்டாமல் நகர முடியாது என்பதால், எண்ணிக்கையில் ராமச்சந்திரன் அவருக்கு அருகில்கூட வரமாட்டார். அதைவிட வேடிக்கை, ராமச்சந்திரனின் ஆக்கங்கள் என்று நண்பர் தந்த பட்டியலில், 1995 இல் நேச்சர் இதழில் வந்த மாயக் கை (இழந்த பின்னும் இருப்பதாகவே உணரப்படும் கை) பற்றிய குறிப்பும் 'கட்டுரை' என்று நிற்கிறது. பக்கம் 489, 490. அது கடிதம், ஐயா.

கல்லடிப்பாலம்:
தராசு செய்தவரையும் மீன் பிடித்தவரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். 2009 இல் செத்த சால்மன் மீனொன்றை ஸ்கேனருக்குள் கிடத்தி, பல்லாயிரம் இடங்களை ஒரேயடியாகச் சோதிப்பதால் தற்செயலாக எழும் பிழைக்குப் புள்ளிவிபரத்தைத் திருத்தாமல் விட்டால் அதன் மூளையும் வேலை செய்வதாகத் தெரியும் என்று காட்டினார்கள். பாடும் மீனுக்குப் பெயர்போன ஊரிலிருந்துகொண்டு சிந்திக்கும் செத்த மீனுக்கு நீங்கள் மயங்குவது உங்கள் விருப்பம். ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் விம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, இறுகிக் கிடந்த மாயக் கையை விரியச் செய்தவரிடம் பக்கக் கணக்கா கேட்பது?

வாவிக்கரையான்:
கேட்பேன். 489, 490.

வந்தாறுமூலை வாசி:
ஓர் ஆய்வாளரின் ஆக்கங்கள் எவ்வளவு சுட்டப்படுகின்றன என்று அளக்கும் எச் எண்ணை 2005 இல் முன்வைத்த ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர், ராமச்சந்திரன் இருக்கும் அதே கலிபோர்னியா (சான் டியாகோ) பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். ஒருவரது ஆக்கங்களில் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது தடவை சுட்டப்பட்டிருந்தால் அவரது எச் எண் குறைந்தது 20. அதில் பக்கத்துக்கு இடமே இல்லை. கூகுள் ஸ்கொலரில் பார்த்தீர்களா, ஸ்கோபஸிலா என்பதையாவது சொல்லுங்கள். எத்தனை தடவை சுட்டப்பட்டது என்று எண்ணும் அந்த இரு தளங்களும் ஒரே விடையைத் தருவதில்லை.

வாவிக்கரையான்:
வரைவிலக்கணம் எனக்குத் தெரியும், தம்பி. என் பதவி உயர்வு விண்ணப்பத்தில் இரண்டு பக்கக் குறிப்பொன்றைச் சேர்த்தபோது, "இது கட்டுரை ஆகாது" என்று ஒரு குழு சிவப்பு மையால் வெட்டியது. எனக்கு ஒரு நீதி, சான் டியாகோவுக்கு வேறு நீதியா?

காரைதீவான்:
ஆக, சூடு பட்ட இடம் அதுதான். 2007 இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், காலிழந்தவர்களிடம் இந்தக் கண்ணாடிச் சிகிச்சையைச் சோதித்தவர்கள் தம் முடிவை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் கடிதப் பகுதியில்தான் வெளியிட்டார்கள். அதையும் வெட்டச் சொல்வீர்களா? போரில் காலைப் பறிகொடுத்த என் மாமா, இல்லாத பெருவிரல் கடுக்கிறது என்று விடிய விடிய முனகியவர். கண்ணாடிக்கு முன்னால் இருந்து பழகியபோது அவர் பக்கம் எண்ணவில்லை. யாழின் சுருதிகளைக் கணக்கிட்ட எங்கள் ஊர் விபுலாநந்தருக்கு எச் எண் எவ்வளவு என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: அது 'மேற்கோள்' அல்ல, 'சுட்டுகை'. மேற்கோள் என்பது பிறர் வாசகத்தை அப்படியே எடுத்தாள்வது.

கல்லடிப்பாலம்:
போன வருடம் ஊர்ப்பெயர் விவாதத்திலும் காரைதீவார் இப்படித்தான் அகராதியோடு வந்தார். மேற்கோள் என்றே எழுதுவேன்.

வந்தாறுமூலை வாசி:
சுட்டப்பட்டதெல்லாம் மெய் என்றும் ஆகாது. அல்சைமர் நோய் பற்றி 2006 இல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சுட்டப்பட்ட பின்னர், படங்கள் மாற்றப்பட்டிருந்த காரணத்தால் 2024 இல் மீளப்பெறப்பட்டது.

வாவிக்கரையான்:
அது மீளப்பெறப்பட்டாலும் முழுநீளக் கட்டுரை. காரைதீவாரின் மாமாவுக்கு வலி குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே; ஆனால் வலி குறைந்தது என்பதற்காகக் கடிதம் நீண்டுவிடாது. 489 இல் தொடங்கி 490 இல் முடிகிறது.

காரைதீவான்:
சுட்டுகை, ஐயா. சுட்டுகை.

வாவிக்கரையான்:
நேச்சர் இதழின் 377ஆம் தொகுதியை எடுத்து, 491ஆம் பக்கத்தில் ராமச்சந்திரன் ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.