வாடகை ஒப்பந்தம் எழுதிய அனுபவங்கள்: தகராறு வருவது காலி செய்யும்போதுதான்

சாவிக்கொத்து:

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மாதம் எந்தத் தேதிக்குள் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தால் பேச்சு முழுக்க இதைச் சுற்றியே ஓடும். இதுவரை நான் குடியிருந்த வீடுகளில் இந்த மூன்றுக்காக யாருடனும் மனஸ்தாபம் வந்ததில்லை. வந்ததெல்லாம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான்.

முன்பிருந்த வீட்டின் ஒப்பந்தத்தில் "வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி. நல்ல நிலை என்றால் எது? அலமாரிக் கதவின் கீல் நாங்கள் வந்த நாளிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று காட்ட எந்தத் தாளும் இல்லை.

அதனால் அடுத்த வீட்டுக்குப் போனபோது ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்பு எழுத வேண்டும் என்று கேட்டேன். அறை அறையாக, உள்ளதை உள்ளபடி. "படுக்கையறை: ஜன்னல் கண்ணாடியின் இடது கீழ் மூலையில் விரல் நீள விரிசல். குளியலறை: கதவின் அடிப்பாகம் ஈரத்தில் ஊறி உப்பியிருக்கிறது." இப்படி. வீட்டுக்காரருக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "நாளைக்கு நாம ரெண்டு பேருமே மறந்துபோவோம் சார், அதுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் கூடவே நடந்தவர், பின்கட்டுக் குழாயைக் காட்டி, "இதைப் பாதிக்கு மேல திருகாதீங்க, கழன்று வந்துடும். இதையும் எழுதிக்குங்க" என்றார். அதுவரை அந்தக் குழாய் விஷயம் அவருக்கு மட்டுமே தெரியும்.

தேதியோடு படங்கள், மின்மீட்டரில் ஓடியிருந்த எண், கொடுத்த சாவிகள் எத்தனை என்ற கணக்கு, எல்லாவற்றையும் அதே தாளில் சேர்த்து இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம். உங்களுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் எழுதினால் நல்லது.

மாடிவீட்டு அம்மா:

நான் வீடு விடும் பக்கம். நீங்கள் சொல்லும் இணைப்பை நான் இப்போது என் பக்கத்திலிருந்தே கொடுக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. தேய்மானம் எது, சேதம் எது என்பதையும் எழுதிவிட வேண்டும். வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து நடந்து தேய்ந்த தரை, இதெல்லாம் வாழ்ந்ததற்கான அடையாளம். அதற்குக் குடியிருந்தவரிடம் பணம் கேட்பது நியாயமில்லை. கதவில் ஓட்டை, சுவரில் தீய்ந்த கறை, இவை சேதம்.

சேதத்துக்கும் முழுப் பணம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. சுவர்ப் பூச்சுக்கு 5 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசி 3 ஆண்டு ஆன சுவரை ஒருவர் பாழாக்கினால், மிச்சம் 2 ஆண்டு. ஆகவே செலவில் ஐந்தில் இரண்டு பங்குதான் அவர் தர வேண்டியது. எப்படியும் நான் புதிதாகப் பூச வேண்டிய சுவருக்கு மொத்தச் செலவையும் அவர் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்? இந்தக் கணக்கை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த பிறகு, காலி செய்யும் நாளில் எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை.

அப்புறம் பழுது. எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த படிவத்தில் "சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு" என்று இருந்தது. ஒரு குடும்பம், தொட்டிக்குக் கீழே நீர் கசிந்ததை வெகுநாள் சொல்லவே இல்லை. சொன்னால் செலவு தங்கள் மேல் விழுமோ என்று பயம். தெரியவந்தபோது கீழ்வீட்டுக் கூரையே ஊறிப்போயிருந்தது. பாவம், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்த வரி அப்படிப் பயமுறுத்தியது. இப்போது எழுதுவது இது: குழாய், மின்கம்பி, கூரை மூன்றும் என் பொறுப்பு. கண்டவுடன் எழுத்தில் சொல்வது அவர்கள் பொறுப்பு. சொன்ன பிறகு எத்தனை நாளில் நான் ஆள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன்.

மூவரில் ஒருவன்:

நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பவர்கள் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருவர் பாதியில் போய்விட்டாலும் முழு வாடகையையும் மீதிப் பேரிடம் கேட்கலாம். எங்களிடம் அப்படித்தான் கேட்டார்கள், கொடுத்தோம். வீட்டுக்காரரிடம் தவறில்லை. ஒருவர் விலகினால் புதியவரைச் சேர்க்க எப்படி அனுமதி பெறுவது, விலகுபவரின் அட்வான்ஸ் பங்கை யார் தருவது என்று உங்களுக்குள் தனியாக ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரக்காரர்:

இந்த வேலையிலேயே இருப்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் வாடகைதாரருக்குத் தரும் அடிப்படைப் பாதுகாப்பை ஒப்பந்த வரியால் பறிக்க முடியாது. தலைப்பை மாற்றியும் தப்ப முடியாது. 1985இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. "இது வாடகை அல்ல, தங்கும் அனுமதி மட்டுமே" என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அறைகள் முழுக்கக் குடியிருந்தவர் வசத்தில் இருந்தன, காலமும் தொகையும் குறித்திருந்தன, ஆகவே அது வாடகைதான் என்று தீர்ப்பானது. மண் கிளற ஐந்து முனையோடு செய்த கருவியை மண்வெட்டி என்று பெயரிட்டாலும் அது முள்கரண்டிதான் என்றார் டெம்பிள்மேன் பிரபு.

பொருள் குழம்பும் வரியை, எழுதியவருக்கு எதிராகவே படிப்பது வழக்கம். ஆகவே தெளிவாக எழுதுவது வீட்டுக்காரருக்கே லாபம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள், இரண்டும் முரண்பட்டால் பொதுவாக எழுத்தில் உள்ளதே நிற்கும். முடியும் தேதி அந்த நாளையும் சேர்த்தா என்பதைச் சொல்லுங்கள். குறித்த காலம் முடிந்த பிறகும் குடியிருந்தால் ஒப்பந்தம் தானாக நீளுமா, புதிதாக எழுத வேண்டுமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். வீடு விற்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் விடாதீர்கள்.

புதுக்குடித்தனம்:

அடுத்த வாரம் கையெழுத்து. ஒரு சந்தேகம். காலி செய்யப்போவதை வாட்ஸ்அப்பில் சொன்னால் நோட்டீஸ் ஆகுமா? வீட்டுக்காரர் அவசரமாக ஊருக்குப் போனால் நேரில் கொடுக்க முடியாதே.

சாவிக்கொத்து:

ஒப்பந்தத்தில் எந்த வழியை எழுதுகிறீர்களோ அதை வைத்துத்தான் பேச்சு. சும்மா "நோட்டீஸ் தர வேண்டும்" என்று விட்டால் பின்னால் இழுபறி. சட்டம் குறிப்பிட்ட முறை கேட்கிறதா என்பதை மட்டும் உங்கள் ஊரில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன், உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்:

"காலி செய்யும் அறிவிப்பை கீழே தந்துள்ள மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பிய மறுநாளிலிருந்து நாள் கணக்கிடப்படும். சாவி ஒப்படைக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இணைப்போடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அன்றிலிருந்து 14 நாளுக்குள் முன்பணம் திரும்பத் தரப்படும். பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று ரசீதோடு எழுத்தில் தரப்படும்."