மனாகுவாவில் இரண்டு நாள்: தெருப்பெயர் இல்லாத முகவரியை எப்படிப் படிப்பது?

வழிப்போக்கன்:
வணக்கம். வரும் பிப்ரவரியில் என் தாயாருடன் நிகராகுவா செல்கிறேன். கிரனடா போகும் முன் தலைநகர் மனாகுவாவில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். விடுதியிலிருந்து வந்த முகவரி என்னைக் குழப்புகிறது. “மொன்டோயா சிலையிலிருந்து ஏரிப் பக்கம் 2 குவாத்ரா, மேலே 1 குவாத்ரா, 20 வாரா” என்று மட்டுமே இருக்கிறது. தெருப்பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிப் போய்ச் சேருவது? மனாகுவாவில் பார்க்க ஒன்றுமில்லை, நேரே கிரனடா போய்விடுங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். அம்மாவுக்கு எழுபது வயது. வெயிலில் அதிகம் நடக்க இயலாது.

ஏரிக்கரை:
முகவரி முற்றிலும் சரியானது. அந்த ஊரில் எல்லாருமே இப்படித்தான் எழுதுவார்கள். ஏரிப் பக்கம் என்றால் வடக்கு, ஏனெனில் சொலொத்லான் ஏரி நகருக்கு வடக்கே இருக்கிறது. மேலே என்பது சூரியன் எழும் கிழக்கு. கீழே என்பது அது இறங்கும் மேற்கு. ஏற்ற இறக்கத்துக்கும் இந்தச் சொற்களுக்கும் தொடர்பில்லை. குவாத்ரா என்பது தெருச் சந்திப்புக்குச் சந்திப்பு உள்ள தூரம். வாரா என்பது ஏறத்தாழ 84 சென்டிமீட்டர் கொண்ட பழைய ஸ்பானிய அளவு. ஆகவே சிலையிலிருந்து வடக்கே இரண்டு சந்திப்பு, பிறகு கிழக்கே ஒன்று, அதே திசையில் இன்னும் பதினேழு மீட்டர் போனால் உங்கள் விடுதி.

நான் அங்கே வசித்த காலத்தில் என்னை உண்மையில் திணறடித்தவை, இப்போது இல்லாத அடையாளங்களிலிருந்து தொடங்கும் முகவரிகள்தான். “சிறிய மரம் இருந்த இடத்திலிருந்து” என்பார்கள். மரம் போய்ப் பல காலம் ஆகியிருக்கும், அந்த மரத்தைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களும் அந்த இடத்தைச் சரியாகக் காட்டுவார்கள். முகவரியை ஸ்பானிய மொழியிலேயே ஒரு தாளில் எழுதி டாக்ஸி ஓட்டுநரிடம் கொடுங்கள். நான் கைப்பேசி வரைபடத்தை நீட்டியபோது தயங்கிய ஓட்டுநர், தாளை வாங்கி ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு நேரே வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

கல்தச்சன்:
பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் அந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கமாட்டார்கள். லியோன், கிரனடா என்ற இரு நகரங்களும் தலைமைக்காக ஓயாமல் மோதிக்கொண்டதால், இரண்டுக்கும் இடையில் இருந்த மனாகுவா 1852-இல் தலைநகரானது. 1931-இல் ஒரு நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. மீண்டும் எழுந்து நின்ற நகரை 1972 டிசம்பர் 23 அன்று நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்தில் இன்னொன்று வீழ்த்தியது. அதன் அளவு 6-ஐச் சற்றே தாண்டியதுதான். ஆனால் அது நகரின் அடியிலேயே, ஆழம் குறைந்த இடத்தில் நிகழ்ந்ததால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிவாரணப் பொருள்களுடன் கிளம்பிய பேஸ்பால் வீரர் ராபர்டோ கிளெமென்ட்டே, புவெர்ட்டோ ரிக்கோ கரையை ஒட்டி விமானம் கடலில் விழுந்து அதே டிசம்பர் 31 அன்று இறந்தார். வந்து சேர்ந்த உதவியிலோ அப்போது நாட்டை ஆண்ட சொமோசா குடும்பத்தின் ஆட்சி கைவைத்தது. அந்தக் கோபம் அவ்வாட்சியைக் கவிழ்த்த 1979 புரட்சிக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. நடுநகரம் பழையபடி கட்டப்படவே இல்லை. மற்ற தலைநகரங்களில் நெரிசலான கடைவீதி இருக்கும் இடத்தில் இங்கே வெட்டவெளியும் மரங்களும் இருப்பதற்கு அதுவே காரணம்.

பழைய பேராலயத்தின் முன் அம்மாவை நிழலில் உட்காரவையுங்கள். கோபுரங்கள் நிற்கின்றன, சுவர்களில் விரிசல் தெரியும், கோபுரக் கடிகாரம் அந்த இரவோடு நின்றுபோனது. நான் போனபோது உள்ளே விடவில்லை. வெளியிலிருந்து பார்த்ததே என்னை நீண்ட நேரம் பேசவிடாமல் செய்தது. அருகிலேயே தேசிய அருங்காட்சியகமும், 1969-இல் திறக்கப்பட்டு நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற, கவிஞர் ரூபென் தாரியோவின் பெயர் கொண்ட அரங்கமும் இருப்பதால் நடை குறைவு. பிறகு டாக்ஸியில் புதிய பேராலயம் போங்கள். மெக்சிகோ கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகொரெத்தா வடிவமைத்து 1993-இல் முடிந்த அதன் கூரை முழுக்கச் சிறு குவிமாடங்கள்.

பயணப்பை:
வெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி மழையில்லாத காலம். பதினோரு மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொள்வது அம்மாவுக்கு நல்லது. டாக்ஸியில் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள், வழியில் வேறு ஆட்களை ஏற்ற வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஏரி நீரில் இறங்காதீர்கள். பல்லாண்டுகள் நகரக் கழிவு அதில்தான் கலந்தது. திஸ்காப்பா குன்றுக்கு வாகனத்திலேயே ஏறலாம். ஒரு பக்கம் எரிமலைவாய் ஏரி, மறுபக்கம் நகரம், வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் மொமொதொம்போ எரிமலை.

வழிப்போக்கன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளும் தங்குகிறோம். அகாவலிங்கா பாதச்சுவடுகள் பற்றியும் படித்தேன். அம்மாவை அழைத்துப் போகலாமா?

கல்தச்சன்:
அவசியம் போங்கள், சிறிய இடம்தான். சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் சேற்றில் பத்துப் பதினைந்து பேர் ஏரியை நோக்கி நடந்த தடங்கள் அவை. 1874-இல் கல் உடைக்கும் தொழிலாளர்கள் கண்ணில் பட்டன. குதிகால் அழுந்திய பள்ளமும் விரல்களின் இடைவெளியும் அப்படியே இருக்கின்றன. டாக்ஸியை மட்டும் அனுப்பிவிடாமல் வாசலில் காத்திருக்கச் சொல்லுங்கள், அந்தப் பகுதியில் திரும்பி வர வண்டி கிடைப்பது கடினம்.