சேதன ஒலிவ் எண்ணெய் மட்டக்களப்பில் எங்கே கிடைக்கும்?

உறவுகளுக்கு வணக்கம். அம்மாவின் சமையலுக்காக, மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ சேதன ஒலிவ் எண்ணெய் விற்கும் கடையைத் தேடுகிறேன். செயற்கைப் பூச்சிகொல்லியும் இரசாயனப் பசளையும் இடாமல், அறுவடைக்கு முன் குறைந்தது 3 ஆண்டுகள் அவ்வாறே பராமரித்த தோட்டத்தின் எண்ணெய்க்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலைச் சின்னம் கிடைக்கிறது. ஆனால் அச்சின்னம் விளைவித்த முறையைச் சொல்கிறதே தவிர, எண்ணெயின் தரத்தைச் சொல்வதில்லை. தரத்துக்கு எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற வகையையே பார்க்க வேண்டும்: அதில் கட்டற்ற கொழுப்பமிலம் 0.8 வீதத்தைத் தாண்டக்கூடாது, சுத்திகரித்த எண்ணெயும் கலந்திருக்கக்கூடாது. சேதனமோ சாதாரணமோ, வெயில் பட்டால் இரண்டுமே கெட்டுவிடும். நம் ஊர் வெக்கையில் இதுவே என் பெருங்கவலை. ஆகவே கருநிறப் போத்தலில், அறுவடை ஆண்டு அச்சிட்டு, நிழலில் வைத்து விற்கும் கடையை அறிந்தவர்கள் விலையுடன் தயவுசெய்து தெரிவியுங்கள்.