குழந்தை இறந்ததும் சாப்ளின் (ஆஸ்பத்திரியில நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆன்மிகத் துணையா இருக்கிறவர்) என்ன செய்யணும்? முதல் மணி நேரமும் அதுக்குப் பிறகும்

புதுவார்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு மிஷன் மருத்துவமனையில குழந்தைகள் வார்டுக்கும் பச்சிளங்குழந்தை ஐசியூவுக்கும் சாப்ளினா பொறுப்பேற்கப் போறேன். பெரியவங்க மரணத்துக்குப் பயிற்சி உண்டு, குழந்தை மரணத்துக்கு இல்லை. உயிர் போனதும் அறைக்குள்ள என்ன செய்யணும்? அம்மா பிரசவ வார்டுல படுத்திருந்தா குழந்தையைக் காட்டலாமா? குடும்பம் இந்துவோ முஸ்லிமோ என்றால் என் வேலை எதுவரை? வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள் தொடர்பில இருக்கணும்?

படுக்கையோரம்:
இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதனால அதை முதல்ல சொல்றேன். காட்டலாம், ஆனா அம்மாவையே கேட்டு. நம்ம ஊர்ல திரும்பத் திரும்ப நடக்கிற தப்பு இதுதான்: சிசேரியன் ஆன அம்மா மாடியில கிடப்பாங்க, கீழே குழந்தையைத் துணியில சுத்தி அப்பா கையிலயோ மாமா கையிலயோ கொடுத்துடுவாங்க, பொழுது சாயுமுன்ன புதைச்சாச்சு. "பார்த்தா தாங்கமாட்டா"ன்னு பெரியவங்க சொல்றது அன்பாலதான். ஆனா முகம் பார்க்காத அம்மாவுக்கு, பிள்ளை நிஜமாவே இறந்துச்சா, மாத்திட்டாங்களாங்கிற சந்தேகம் வருஷக்கணக்கா நிக்கலாம். சக்கர நாற்காலியோ டிராலியோ ஏற்பாடு பண்ணி, ஆண்கள் புறப்படறதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுங்க. அந்த ஒரு மணி நேரத்தை வாங்கித் தர்றதுதான் உங்க முதல் வேலை.

காட்டுறதுக்கு முன்ன குழந்தை பார்க்க எப்படி இருக்கும்னு சொல்லிடுங்க: "உடம்பு சில்லுன்னு இருக்கும், உதடு கருத்திருக்கும்." வேண்டாம்னா வற்புறுத்தாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை மட்டும் கேளுங்க, மனசு மாறுறவங்க உண்டு.

அறைக்குள்ள போனா உட்காருங்க. நின்னுக்கிட்டுப் பேசினா, கிளம்பப் போறீங்கன்னுதான் தோணும். குழந்தை பேரைக் கேட்டு அந்தப் பேரையே சொல்லுங்க. டாக்டர் "நம்ம கையில இல்லை"ன்னு மட்டும் சொல்லியிருந்தா, "இறந்துடுச்சு"ங்கிற வார்த்தை அவங்க காதுல விழுந்துச்சான்னு பார்த்துக்குங்க. "தேவ சித்தம்", "இன்னொண்ணு பிறக்கும்", "வினைப்பயன்" எதுவும் வேண்டாம். "ஏன் சாமி எங்களுக்கு?"ன்னு கேட்டா அது பதில் தேடுற கேள்வி இல்லை. கூட இருந்தாப் போதும். மாமியார் வீட்டுப் பக்கம் "ராசி இல்லாதவ"ன்னு பேச்சு எழுந்தா சும்மா இருக்காதீங்க. டாக்டரைக் கூட்டி வந்து, எல்லார் முன்னாலயும் காரணத்தை எளிய தமிழ்ல சொல்ல வையுங்க.

மத விஷயம்: ஞானஸ்நானம் உயிர் இருக்கும்போதுதான். அவசரத்துல யார் வேணும்னாலும் தண்ணி ஊத்திக் கொடுக்கலாம்னு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சொல்லுது. இறந்த பிறகு பெயரிட்டு ஆசீர்வதிக்கலாம். ஞானஸ்நானம் கொடுக்க நினைச்சிருந்த பெற்றோரோட குழந்தைக்கு, ஆயர் அனுமதிச்சா, அடக்கத் திருப்பலியும் உண்டு. முஸ்லிம் குடும்பம்னா அவங்க ஜமாஅத்துக்குச் சொல்லி, குளிப்பாட்டி கஃபன் (அடக்கத்துக்குச் சுத்துற வெள்ளைத் துணி) போட ஒரு இடமும் தண்ணியும் ஏற்பாடு பண்ணுங்க. அவங்க விரைவா அடக்கம் பண்ணணும், அதனால காகிதம் தாமதமாகாமப் பாருங்க. இந்துக் குடும்பங்கள்ல சின்னக் குழந்தையை எரிக்காம புதைக்கிறது வழக்கம். விபூதி, மஞ்சள், பால் எது வேணும்னு கேளுங்க. உங்க ஜெபம் அவங்க கேட்டா மட்டும்.

ஐசியூ_சிஸ்டர்:
நர்சிங் பக்கம் சொல்றேன். விபத்து, விஷம், தண்ணியில விழுந்தது மாதிரி போலீஸ் கேஸ்னா டியூப், ஊசி எதையும் எடுக்கக்கூடாது, குளிப்பாட்டவும் கூடாது, அப்படியே பிரேதப் பரிசோதனைக்குப் போகணும். பெற்றோர் "வாயில இருக்கிற குழாயை எடுங்க"ன்னு கெஞ்சுவாங்க, காரணத்தை நீங்க பக்குவமா சொல்லணும். மத்தபடி டியூப் எடுத்து, பிளாஸ்டர் ஒட்டின இடத்தை எண்ணெய் தடவி மெதுவா விடுவிப்போம். குறைமாசக் குழந்தைன்னா தோல் உரிஞ்சு வரும், இழுக்கக்கூடாது.

கைரேகை, கால்ரேகை எடுக்கறதுன்னா விறைக்கும் முன்ன. ஸ்டாம்ப் பேடை விரல் மேல லேசா ஒத்தி, கெட்டி அட்டையைக் கை மேல கொண்டு வந்து அழுத்தணும். கையை அட்டைக்கு இழுத்தா தீற்றிடும். மை நிறைய வெச்சா ரேகையே தெரியாது. போட்டோ பெற்றோர் போன்லயே, ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம எடுங்க. கறுப்பு வெள்ளையா மாத்தினா நிற மாற்றம் தெரியாது. முடி வெட்டுறது சில குடும்பங்களுக்குப் பிடிக்காது, கேட்டுட்டுத்தான்.

யாரும் அம்மாகிட்ட சொல்ல மறக்கிறது பால். இரண்டாம் நாள்லேர்ந்து நாலாம் நாளுக்குள்ள மார்பு கட்டும். வீட்டுல தனியா இருக்கையில பால் கசிஞ்சா அந்த நேரம் கொடுமை. டிஸ்சார்ஜுக்கு முன்னயே சொல்லிடுங்க. மார்பை நல்லாத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை, குளிர்ந்த துணி. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், முழுசாப் பீய்ச்சினா மேலும் சுரக்கும், வலி குறையற அளவுக்கு மட்டும். பால் சுரப்பை நிறுத்தற கேபர்கோலின் மாத்திரை உயர் ரத்த அழுத்தம் உள்ளவங்களுக்கு ஆகாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும். பாட்டிமார் மார்புல மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுறதைத் தடுக்க வேண்டியதில்லை. 1988ல வெளியான ஒரு ஆய்வு அதை, பால் சுரப்பைக் குறைக்கக் கொடுக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்தது, இரண்டுமே சுரப்பைக் குறைச்சது.

சமூகப்பணி:
காகிதங்கள். ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாகணும். இறந்தே பிறந்தா அதுக்குத் தனிப் படிவம், எண் 3. கெடு 21 நாள். ஆஸ்பத்திரியே அனுப்பும், ஆனா பெற்றோர் பேர் எழுத்துப்பிழையை அங்கேயே பாருங்க, பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுல அரசு இலவச அமரர் ஊர்தி 155377.

லீவு பத்தி யாரும் சொல்றதில்லை. 2025 வரை அமல்ல இருந்த 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்துல "குழந்தை"ங்கிற சொல்லுக்குள்ள இறந்து பிறந்த குழந்தையும் அடங்கியிருந்துச்சு. கருச்சிதைவுன்னா 6 வாரம். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2022லேர்ந்து, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள்ள இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு.

புதுவார்டு:
ரொம்ப நன்றி. வீட்டுல மூத்த குழந்தை இருந்தா? அப்புறம் தொடர்பு?

படுக்கையோரம்:
மூத்ததுகிட்ட "தூங்குது", "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" சொல்லக்கூடாதுன்னு பெற்றோருக்குச் சொல்லுங்க. அப்புறம் அது தூங்கவே பயப்படும். "பாப்பா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, திரும்ப வராது, உன்னால ஆனது இல்லை." நாலு வயசுக் குழந்தை இதையே பத்து தடவை கேட்கும், பத்து தடவையும் அதே பதில்.

தொடர்புக்கு நாள்கணக்கு வெச்சுக்குங்க. பல சமூகங்கள்ல சின்னக் குழந்தைக்குக் கருமாதி கிடையாது, மூணாம் நாளே வீடு காலியாகிடும். அதனால முதல் போன் அந்த வாரமே. பிறகு 16ஆம் நாள், 40ஆம் நாள், பிரசவத் தேதி முன்னால குறிச்சிருந்தா அந்த நாள், பிறந்த நாள், வருஷ நினைவு. அப்பாவுக்குத் தனியாப் பேசுங்க. பில்லு கட்டி, குழி தோண்ட ஆள் பிடிச்சு ஓடினவரை யாரும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்க மாட்டாங்க. பல நாள் தூக்கமே இல்லை, குழந்தைகிட்டயே போயிடறேன்னு சொல்றாங்க, இல்லாத குரல் கேட்குதுன்னா காத்திருக்காம அன்னைக்கே மனநல மருத்துவர். ராத்திரின்னா அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம்.

போன் எடுத்ததும் "ஞாபகப்படுத்திட்டேனோ"ன்னு மன்னிப்புக் கேட்காதீங்க, அவங்க மறந்திருந்தாத்தானே. "இன்னைக்கு கவின் பிறந்த நாள், நினைச்சுக்கிட்டேன்"ன்னு குழந்தை பேரைச் சொல்லி ஆரம்பிங்க.